ஆராய்ச்சி யார் கண் கொண்டு?

சமூக ஆராய்ச்சி என்று காகிதமும் பென்சிலுமாய் நம் கிராமங்களுக்கு வருகிறவர்கள், கண்டதைக் கண்டபடி எழுதுவதாகவே சொல்லுகிறார்கள். ஆனால், எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்பதை, அவர்கள் புறப்படும் முன்பே அவர்கள் மனதிலுள்ள கொள்கை தீர்மானித்து விடுகிறது.

இதற்கு உதாரணம் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. இன்று அணுபுரம் இருக்கும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவே போதும். 1891-ல் இந்த ஜில்லாக் கலெக்டர் திரமென்ஹீர் துரை, சேரி மக்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். நிலம் யார் கையில், தரிசுக்கு மனுப் போட்டால் முதல் பாத்தியதை யாருக்கு என்று பார்த்தார். மிராசுதாரருக்கு என்பது தெரிந்தது. 1892-ல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவது அதைத்தான்.

பின்னர் இதே ஜில்லாவில் அமெரிக்க அறிஞர் இருவர் ஆராய்ந்தார்கள். சாதியைக் கீழிருந்து பார்க்க வேண்டும் என்று கிளம்பிய ஜோன் மென்ச்சர் அம்மையார், அது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடு என்று 1974-ல் எழுதினார். சுத்தம், தீட்டு என்பதே சாதியின் ஆணிவேர் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் டுமோனின் கொள்கையை ஒட்டிச் சென்ற மைக்கேல் மொஃபாட்டோ, ஒதுக்கப்பட்டவர்களும் தங்களுக்குள் அதே மேல்–கீழை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே அவர்களுக்கும் அதில் சம்மதமே என்று 1979-ல் முடிவு கட்டினார்.

அந்த மேல்–கீழ் இருப்பது மெய்தான். அதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால், ஜெயிலில் கூழ் குடிக்கிறவன் ஜெயிலுக்குச் சம்மதித்தவனாகி விடுவானா? சடங்கைப் பார்த்தால் சடங்கு தெரியும். கூலியும் கடனும் தெரியுமா?

ஆகவே, முறை கேள்விக்குத் தக்கதாய் இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு நிலமில்லை என்பதற்குக் கணக்கு வேண்டும். ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு, கூடவே தங்கிப் பழகித் தனியே பேச வேண்டும். நெல்லளக்கும் படியால் காய்ச்சலை அளக்க முடியுமா? மிராசுதாரர் திண்ணையில் உட்கார்ந்து, அவர் எதிரிலேயே கூலிக்காரனைக் கேட்டால், "குறையொன்றுமில்லை, சாமி" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

தோழர்களே! சாஸ்திரத்தைக் கேள்வி கேட்கும் நாம், புள்ளிவிவரத்தை மட்டும் ஏன் கும்பிட வேண்டும்? உங்களைப் பற்றி ஆராய வருகிறவரை மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன கொள்கையோடு வந்தீர்? யார் வீட்டில் தங்கினீர்? யாரைக் கேட்காமல் விட்டீர்? இவற்றுக்கு நேர்மையாய் விடை சொல்லுகிறவருடைய முடிவு நமக்குக் கசந்தாலும், அதை மதித்து யோசிப்போம்.