பெயர் இல்லாத உதிரிபாகம்: அளந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது, 2014-ல் மூடப்பட்டது. ஆனாலும் அந்த வட்டாரத்தின் செல்போன் அடையாளம் போகவில்லை. இன்று அங்கே ஃபாக்ஸ்கான் ஐபோன்களை அசெம்பிள் செய்கிறது. அப்படி ஒரு போனைத் திறந்து பார்த்தால், போர்டில் இருக்கும் பெரும்பாலான குட்டிக் குட்டிப் பாகங்களில் ஓர் எழுத்துகூட இருக்காது.

ஏன் எழுத்தே இல்லை?

எழுத இடமில்லை என்பது ஒரு காரணம். ‘0402’ அளவு ரெசிஸ்டரின் நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர்தான். இன்னொரு காரணம், ஆலைக்கு அது தேவைப்படுவதில்லை. ரீலில் ஒட்டியிருக்கும் லேபிளை வைத்தே மெஷினில் பாகம் ஏற்றப்படுகிறது. ரீலை விட்டுப் பிரிந்ததும் அடையாளம் போச்சு. பழைய போர்டிலிருந்து கழற்றுபவருக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறையாக வாங்கும் மாணவருக்கும் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். ரெசிஸ்டரில் ‘103’ என்றால் 10-க்குப் பின்னால் மூன்று பூஜ்யம், அதாவது 10,000 ஓம். டிரான்சிஸ்டரில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. ஒரே குறியீட்டை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு பாகத்துக்கு வைத்திருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். டயோடு மோடில் ஒரு பக்கம் 0.6 முதல் 0.7 வோல்ட் காட்டி, மறுபக்கம் எதுவும் காட்டாவிட்டால் அது சாதாரண சிலிக்கான் டயோடு. 0.2 முதல் 0.3 என்றால் ஷாட்கி டயோடாக இருக்கலாம். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துப் பாகங்கள் கணக்கைக் குழப்பிவிடும். கழற்றிவிட்டு அளப்பதே சரி.

எது தெரியாது?

செராமிக் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் மதிப்பை மீட்டர் சொல்லிவிடும். அது 6.3 வோல்ட் தாங்குமா, 50 வோல்ட் தாங்குமா என்பதைச் சொல்லாது. ஒரு பாகம் என்ன என்பதை அளக்கலாம். எவ்வளவு தாங்கும் என்பதை சாதாரண மீட்டரால் அளக்க முடியாது. எல்இடி எரியவைக்க இந்த அரைகுறை விவரமே போதும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சர்க்யூட்டில் அதே பாகத்தைப் போடுவது தீயோடு விளையாடுவது.

என்ன செய்யலாம்?

அடையாளம் தொலைந்த பிறகு தேடுவதைவிட, தொலையாமல் பார்ப்பது சுலபம். டேப்பை வெட்டி விற்கும் கடைக்காரர், லேபிளில் உள்ள பார்ட் நம்பரைக் கவரில் எழுதிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் மிச்சமாகும் ரீல்களை லேபிளோடு பக்கத்து பாலிடெக்னிக், ஐடிஐ-களுக்குக் கொடுக்கலாம். கோடிக்கணக்கில் பாகங்கள் வந்து இறங்கும் ஊரில், அதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஊகித்து சால்டர் பண்ணும் நிலை இருக்கக் கூடாது.