மரக்கட்டையைத் தாலாட்டிய தாய்

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், வாய் திறந்து பேசவே அறியாத ஒரு படம், ஒரு நாட்டின் ஏழையர் சட்டத்தைக் குறித்துப் பெரும் விவாதத்தை எழுப்பிய வரலாற்றை அவர்கள்முன் பணிவுடன் வைக்க விழைகின்றேன்.

1913ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் வெளிவந்த 'இங்கபோர்க் ஹோல்ம்' என்பதே அப்படம். இயக்கியவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். நில்ஸ் குரூக் என்பார் எழுதிய நாடகமே இதற்கு மூலம்.

கதை எளியது. கடை வைத்துப் பிழைக்கத் தொடங்கிய கணவன் நோயுற்று இறக்கின்றான். மூன்று குழந்தைகளுடன் தனித்து நின்ற மனைவி கடையை நடத்த முயன்று கடனில் மூழ்குகின்றாள். அவளும் நோய்வாய்ப்படவே, ஏழையர் இல்லத்தின் கதவைத் தட்டுவதன்றி வேறு வழியில்லை. இல்லம் அவளை ஏற்கின்றது. குழந்தைகளையோ பிற குடும்பங்களில் வளர்ப்புக்கு விடுகின்றது.

அக்காலச் சுவீடனில் நிலவிய ஒரு வழக்கத்தை இங்கே கூறியாக வேண்டும். ஆதரவற்ற குழந்தையை வளர்க்க மிகக் குறைந்த தொகை கேட்பவரிடமே அக்குழந்தையை ஒப்படைப்பர். பொருளை ஏலம் விடுவோர் மிகுதியாகக் கேட்பவருக்குத் தருவர். இங்கோ குறைவாகக் கேட்பவருக்குக் குழந்தை! ஊர்ப் பணம் மிஞ்சியது; அக்குழந்தையின் தட்டில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

வளர்ப்பு வீட்டிலுள்ள மகள் நோயுற்றாள் எனக் கேட்ட தாய், இல்லத்திலிருந்து தப்பியோடுகின்றாள்; காவலர் பிடித்து வருகின்றனர். பின்னர், கடைசிக் குழந்தையை அவளிடம் காட்ட அழைத்து வருகின்றனர். குழந்தைக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை, அஞ்சி அழுகின்றது. தன் துணியையே பொம்மையாகச் சுற்றி விளையாட்டுக் காட்டிப் பார்க்கின்றாள். பயனில்லை. அவளது அறிவு அங்கேயே நிலைகுலைகின்றது. ஒரு மரக்கட்டையைக் குழந்தையென எண்ணித் தாலாட்டத் தொடங்குகின்றாள்.

இப்படத்தின் உயர்வாக நான் கருதுவது வேறொன்று. இதில் கொடியவன் என்று சுட்ட ஒருவருமில்லை. இல்லத்து அலுவலர்கள் சட்டம் சொன்னதைச் செய்கின்றனர், அவ்வளவே. அரக்கன் ஒருவனைப் படைத்திருந்தால், பார்த்தவர்கள் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பர். ஷோஸ்ட்ரோம் அந்த நிம்மதியைத் தரவில்லை. படப்பெட்டியும் பெரும்பாலும் அசையாது ஓரிடத்தில் நின்று பார்க்கின்றது. அருகில் சென்று அழவைக்க முயலவில்லை. தாயாக நடித்த ஹில்டா போர்ஸ்ட்ரோம் கைகளை வானுக்கு உயர்த்திக் கதறும் அக்கால மேடை நடிப்பை நாடவில்லை. பேசாப்படம் என்றாலே மிகைநடிப்புத்தான் என எண்ணும் மாணவர்கள் இதைப் பார்த்தல் நன்று.

குறையும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மாலுமியாகத் திரும்பும் மூத்த மகன், தாயின் பழைய நிழற்படத்தைக் காட்ட, அவள் தெளிவு பெறுகின்றாள். பார்ப்போர் மனம் ஆறட்டும் என்று வைத்த முடிவு இது. மறந்தது குழந்தை, குணமானதோ தாய். அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

படம் வெளிவந்ததும் நாளேடுகளில் வாதம் மூண்டது. ஏழையர் இல்லங்களை இழிவுபடுத்திவிட்டதாகச் சிலர் சினந்தனர். உண்மை இதுவே எனச் சிலர் வாதிட்டனர். 1918இல் சுவீடன் புதிய ஏழையர் நலச் சட்டம் இயற்றி, குழந்தைகளை ஏலம் விடும் வழக்கத்தைத் தடைசெய்தது. சட்டத் திருத்த முயற்சி படத்திற்கு முன்பே தொடங்கிவிட்டதால், முழுப் புகழையும் படத்திற்கே சூட்டுவது மிகை. ஏட்டிலிருந்த வழக்கை எழுத்தறியாதோர் கண்முன்னும் நிறுத்தியது அதுவே என்னலாம்.

ஷோஸ்ட்ரோம் 1921இல் 'மாய வண்டி' என்ற படத்தை இயக்கி, குடிகாரக் கணவன் டேவிட் ஹோல்மாகத் தாமே நடித்தார். அவனிடம் துன்புற்று, பிள்ளைகளோடு சாவின் விளிம்புக்குச் செல்லும் மனைவியாக வந்தவரும் அதே ஹில்டா போர்ஸ்ட்ரோம்தான். அப்படத்திலும் அவர் திருமதி ஹோல்ம்!