பின்மனைக்கு வழி விட்டீர்களா?

கேள்வி: ஐயா, என் பெயரில் உள்ள வீட்டு மனை 30 அடி அகலம், 90 அடி நீளம். தெரு முன்பக்கம் மட்டும்தான். பழைய ஓட்டு வீடு இடிந்துவிட்டது. மகன்கள் இருவரும் பிரித்துக் கேட்கிறார்கள். மூத்தவன் முன்பாதிதான் வேண்டும் என்கிறான். கிணறும் இரண்டு தென்னையும் பின்கோடியில் இருக்கின்றன. மனையைப் பிரிக்க மனுக் கொடுத்தோம். பின்மனைக்கு வழியில்லை என்று திருப்பிவிட்டார்கள். விதியில் விலக்குக் கேட்கலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் விலக்கு என்பது உரிமை அல்ல, சலுகை. 'பிள்ளைகள் கேட்கிறார்கள்' என்பது அதற்குக் காரணமாகாது. அதற்கு முன்னால், வழி விட்டுப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள்.

உங்கள் மொத்த இடம் 2,700 சதுர அடி. ஏறக்குறைய 6.2 சென்ட். தெருவிலிருந்து 54 அடியில் குறுக்குக் கோடு போடுங்கள். முன்பகுதியில் ஒரு ஓரமாக 10 அடி அகலத்துக்குப் பாதை விடுங்கள். முன்மனை 20 அடிக்கு 54 அடி, அதாவது 1,080 சதுர அடி. பின்மனை 30 அடிக்கு 36 அடி, அதுவும் 1,080. பாதை 540 சதுர அடி. பாதியில் கோடு போட்டிருந்தால் முன்னவருக்கு 900தான் வரும். சண்டைக்கு அதுவே போதும்.

10 அடிப் பாதை உங்கள் ஊருக்குப் போதுமா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் உள்ளாட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும்தான். வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். போதாது என்றால் அப்போது விதித்தளர்வு கேளுங்கள். மனையின் அகலமே 30 அடிதான் என்பது சொல்லத்தக்க காரணம். அதுவும் கிடைக்காவிட்டால், மனையைப் பிரிக்காமல் பிரிபடாத பாகமாக எழுதி, கீழும் மேலுமாக இரண்டு வீடு கட்டலாம். ஒப்புதல் இல்லாமல் மட்டும் பிரிக்காதீர்கள். பின்னால் விற்கவோ வங்கிக்கடன் வாங்கவோ போகும்போது இடிக்கும்.

கிணறு பின்மனையில் விழுகிறது. முன்மனைக்காரருக்கும் தண்ணீர் உண்டு என்றும், பாதை இருவருக்கும் பொது என்றும் பத்திரத்திலேயே எழுதுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். முன்வீட்டுத் தொட்டியைத் தெருப்பக்கம் வைத்தால் போதும். பின்வீட்டுக்கு 36 அடிதான் நீளம் என்பதால், அதன் தொட்டி எங்கே வரும் என்பதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.

மனை உங்கள் பெயரில் இருப்பதால் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதலாம். உங்கள் ஆயுள்வரை அங்கே குடியிருக்கும் உரிமையையும், பிள்ளைகள் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கட்டாயம் சேருங்கள். அந்த நிபந்தனை இருந்து, அவர்கள் பார்க்காமல் விட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பதிவு முடிந்ததும் உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பித்து, அளவர் வந்து அளக்கும்போது மகன்கள் இருவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டவர்கள். பின்கட்டு சித்தப்பாவுக்கு. அவர் மாடுகள் எங்கள் முற்றத்து வழியாகத்தான் போய்வரும். அப்பா இருந்தவரை ஒரு சொல் வந்ததில்லை. அப்பா காலமான பிறகு, சாணி விழுகிறது என்று நாங்கள் கேட் போட்டோம். சித்தப்பா சண்டைக்கு வரவில்லை. அடுத்த மாதமே மாடுகளை விற்றுவிட்டார். எங்கள் வாசலை மிதிக்கவும் இல்லை. 10 அடிப் பாதையைக் காகிதத்தில் எழுதியிருந்தால் அந்த கேட் வந்திருக்காது.

மூத்தவரிடம் முன்பாதியைக் கொடுங்கள் அம்மா. பாதையை எழுதிவிட்டுக் கொடுங்கள்.