சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

குளியலறை கீசரின் அடியிலிருக்கும் சிறிய வால்விலிருந்து தண்ணீர் சொட்டினால், பல வீடுகளில் உடனே பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் வால்வின் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். சொட்டு நின்றுவிடுகிறது. கூடவே கீசரின் கடைசிப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால், அரை லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். இந்த உபரி எங்கே போவது? கீசரில் இருவகை உண்டு. இரண்டும் இதற்கு வெவ்வேறு வழி வைத்திருக்கின்றன.

முதலாவது, திறந்த வகை. கீசரின் மேலிருந்து ஒரு குழாய் மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே போய் வெட்டவெளியில் முடியும். விரியும் தண்ணீரும் ஆவியும் அதன் வழியே வெளியேறும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானாலும் தண்ணீர் கொதிக்குமே தவிர, அழுத்தம் ஏறாது. ஆனால் அந்தக் குழாயில் எங்கும் வால்வு இருக்கக் கூடாது. வாயும் அடைபடக் கூடாது. இதிலும் அலட்சியம் ஆகாது. பிரிட்டனின் டான்டன் நகரில் 2006இல் இத்தகைய அமைப்பில் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் கூரைக்கடியிலிருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தொட்டி இளகிச் சரிந்ததில் கீழே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இறந்தது.

இரண்டாவது, மூடிய வகை. அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இதுதான். மேல்தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கொடுக்கும். பம்ப் இருந்தால் இன்னும் கூடும். ஷவரில் தண்ணீர் நன்றாகக் கொட்டும். ஆனால் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 8 பாரில் 170 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். அந்த நிலையில் டேங்க் வெடித்தால், தண்ணீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவிக்குத் தண்ணீரைப்போல 1,600 மடங்கு இடம் வேண்டும். சுவரே பெயர்ந்துவிடும்.

இதைத் தடுக்க மூன்று காவல்கள் உண்டு. தெர்மோஸ்டாட் ஒன்று, அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் இரண்டு, அழுத்தம் மீறினால் தானே திறக்கும் வால்வு மூன்று. முதல் இரண்டும் மின்சாரம் சம்பந்தப்பட்டவை, பழுதாகலாம். மூன்றாவதைத்தான் நாம் மூடிபோட்டு அடைக்கிறோம்.

கீசர் சூடாகும் நேரத்தில் சில சொட்டு விழுவது கோளாறு அல்ல. ஓயாமல் ஒழுகினால் வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகம், அல்லது வால்வு தேய்ந்துவிட்டது என்று பொருள். புதிய வால்வு மாட்டச் சொல்லுங்கள். ஆவியோ கொதிநீரோ வந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் பார்க்கும்வரை மறுபடி போடாதீர்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் வால்வுக்குள் உப்புப் படிந்து இறுகிவிடும். வால்வில் நெம்புகோல் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை, கீசர் ஆறியிருக்கும்போது, தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் மாற்றியாக வேண்டும்.

தரை நனைவதுதான் கவலையென்றால், வால்வின் வாயிலிருந்து ஒரு குழாயைச் சரிவாக இறக்கிச் சாக்கடைத் துளையருகே திறந்தபடி விடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கீழே ஒரு வாளி வைத்தால் போதும்.