குறிப்பேட்டைத் திறக்காத நடுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உயிரித்தொழில்நுட்பப் போட்டி ஒன்று, பொதுப் பணத்தையும் சேர்த்து, நடத்தப்பட்டது. குழுவாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அதை வைத்து ஒரு தொழில் திட்டமும் போட்டுக் காட்ட வேண்டும். 31 வருடம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் வேடிக்கை பார்க்கப் போனேன். வயிற்றெரிச்சலோடு திரும்பினேன்.

அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து நான்கு பிளஸ் டூ மாணவிகள் வந்திருந்தார்கள். வைக்கோல் விலை ஏறிவிட்டது, தோட்டத்தில் காய்ந்து கிடக்கும் வாழைச் சருகில் சிப்பிக் காளான் வளர்த்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. கடையில் வாங்கிய காளானிலிருந்தே திசு எடுத்திருக்கிறார்கள். வளர்ப்பு ஊடகத்துக்கு உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் மளிகைக் கடை சைனா கிராஸும். காளான் வித்துக்கான சோளத்தை அவித்தது ஒருத்தியின் வீட்டுக் குக்கரில். (சிரிக்க வேண்டாம். நல்ல குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும்; ஆட்டோகிளேவ் செய்கிற வேலையும் அதுதான்.)

அவர்கள் வைத்திருந்த கோடு போட்ட நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘ஏழாம் நாள்: 12 பைகளில் 5-ல் பச்சைப் பூஞ்சை. சருகு சரியாக வேகவில்லையோ?’ அடுத்த பக்கத்தில், வேகவைக்கும் நேரத்தைக் கூட்டி, மறுபடி 12 பை. இந்த முறை இரண்டில்தான் பூஞ்சை. ஆய்வு என்றால் வேறென்ன? மூன்று நடுவர்களில் ஒருவர்கூட அந்த நோட்டைத் திறக்கவில்லை. மதிப்பெண் படிவத்தில் அதற்கு இடமே கிடையாதாம். “இங்கிலீஷ்ல சொல்லும்மா” என்றார் ஒருவர். அதுவரை மடமடவென்று பேசிக்கொண்டிருந்த பெண் அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

முதல் பரிசு, கிரிஸ்பர் முறையில் மரபணுத் திருத்தம் என்று பேனர் வைத்திருந்த குழுவுக்கு. எந்த மரபணுவை வெட்டினீர்கள், வெட்டுப்பட்டதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதில் சொன்னார், நன்றாகவே சொன்னார். தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்றின் ‘மென்ட்டர்’. தலைப்பு, ஆய்வகம், பேனர், ஒத்திகை எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்று பெற்றோர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் ஒரு குக்கரும் ஆறு மாதமும் கொடுத்திருந்தால் ஏதாவது செய்திருப்பார்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2004-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐந்து அணிகளோடு தொடங்கிய ஐஜெம் என்ற உயிரித்தொழில்நுட்பப் போட்டிக்கு இன்று பல நாட்டுப் பள்ளி அணிகளும் போகின்றன. பதிவுக் கட்டணமே சில ஆயிரம் டாலர். நம் பிள்ளைகளுக்கு எட்டாது, அது வேறு கதை. ஆனால் அங்கே எந்த வேலையை அணி செய்தது, எதை வெளியாள் செய்துகொடுத்தார் என்று எழுதித் தந்தாக வேண்டும். இங்கேயே 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தாய்மொழியிலேயே ஆய்வை முன்வைக்கிறார்கள். நம் அதிகாரிகள் இவை இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமே! கூடவே நோட்டுக்கும் மதிப்பெண் வையுங்கள்.

பிளஸ் டூ உயிரி-தாவரவியல் புத்தகத்தில் தாவரத் திசு வளர்ப்புக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. நடத்துகிற ஆசிரியர்கள் பலருக்கே அதற்கான கருவிகளைப் படத்தில்தான் தெரியும். அரசுக் கல்லூரிகளின் ஆய்வகங்களைச் சனிக்கிழமைகளில் பள்ளிக் குழுக்களுக்குத் திறந்துவிட்டால் பேனர்காரர்களுக்குப் பாதி வேலை போய்விடும்.

அந்த நான்கு பேருக்கும் ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கோப்பை கிடைத்தது. பைக்கும் சோளத்துக்கும் ஆன 640 ரூபாய் அவர்களுடைய ஆசிரியையின் கைக்காசு. அதை எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று பள்ளி அலுவலகத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தேனி மாவட்டம்.