காணியை ஈடு வைக்க முதல் ஒரு கேள்வி

கொடிகாமம் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிற எங்கட கூட்டத்துக்குள்ள போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரம் சுற்றி வந்தது. வெளிநாடொன்றில் விமானிப் பயிற்சி. முடித்தால் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் லைசென்ஸ் என்று போட்டிருந்தது. ஏ.எல். முடித்த தம்பி ஒருத்தன் வீட்டில் காணியை ஈடு வைக்கிற கதை வரைக்கும் போயிட்டுது. அதாலதான் இதை எழுதுறம்.

அப்பிடியொரு லைசென்ஸ் இல்லை. 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் 32ஆவது உறுப்புரைப்படி, நாடு விட்டு நாடு பறக்கிற விமானத்தை ஓட்டுபவரிடம், அந்த விமானம் பதியப்பட்ட நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் இருக்கவேணும். சென்னையிலிருந்து பலாலிக்கு 2024 செப்ரெம்பரில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ விமானங்கள் இந்தியாவில் பதியப்பட்டவை. அதன் விமானிக்கு இந்திய லைசென்ஸ் போதும். ஆனால் கனடா லைசென்ஸோட வாற எங்கட ஊர்ப் பெடியனோ பெட்டையோ, இலங்கையில் பதிந்த விமானத்தை வேலையாக ஓட்டவேணுமெண்டால் இங்கத்தைய சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிட்டத்தான் போகவேணும்.

லைசென்ஸ் மாத்துறதில் பொதுவாக நாலு விசயம் வரும்: லைசென்ஸ் கொடுத்த நாட்டின் உறுதிப்படுத்தல், முதலாம் தர மருத்துவச் சோதனை, அந்தந்த நாட்டு விமானச் சட்டப் பரீட்சை, பறந்து காட்டும் சோதனை. இந்தியாவில் வழிசெலுத்தல், வானிலைப் பாடங்களையும் திரும்ப எழுதவேணும். பறந்த மணித்தியாலங்கள் பதிவேட்டோட கூடவே வரும், லைசென்ஸ் அப்பிடி வராது.

இந்தப் பரீட்சைகளை நாங்கள் அநியாயம் எண்டு சொல்லேல்லை. அமெரிக்காவில் 18,000 அடியில்தான் உயரமானியைப் பொது அழுத்தத்துக்கு மாத்துவினம், பிரித்தானியாவில் அதைவிட மிகக் குறைந்த உயரத்திலேயே மாத்தவேணும். இதைத் தெரியாமல் ஒருவர் ஆக்களை ஏத்திக்கொண்டு பறக்கக்கூடாது. நாங்கள் அநியாயம் எண்டுறது, மாத்துற செலவையும் காலத்தையும் மறைத்துப் பயிற்சியை விக்கிறதை.

இது ஏழை நாட்டுக்காரருக்கு மட்டும் வாற சிக்கலும் இல்லை. பிரெக்சிற்றுக்குப் பிறகு, 2021 ஜனவரி 1 முதல், பிரித்தானிய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிந்த விமானங்களை ஓட்டமுடியாமல் போனது. லண்டனில் படித்தவரும் மாத்தத்தான் வேண்டியிருந்தது.

தென்மராட்சிப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் எண்டு ஒரு நாள் வைக்கினம். அதில் இந்த நாலு படிகளையும் அவற்றுக்கான கட்டணங்களையும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் குடுக்கச்சொல்லிக் கேக்கிறம். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு உறுப்புரையை வாசிச்சு விளங்கப்படுத்தத் தெரியும், அந்தப் பக்கத்தை எழுத நாங்கள் தயார்.

அதுவரைக்கும், தம்பி தங்கச்சியவை, பணம் கட்ட முதல் முகவரிட்ட இதைக் கேளுங்கோ: "நான் எந்த நாட்டில் பதிந்த விமானத்தை ஓட்டப்போறன்? அந்த நாடு இந்த லைசென்ஸை மாத்தித்தர என்னென்ன கேக்கும்?" பதிலை எழுத்தில வாங்குங்கோ. எழுதித் தர மறுத்தால், காணி உறுதியைத் திரும்பப் பெட்டிக்குள்ள வையுங்கோ.