முதலாவதா வந்த அணி எப்படி ‘இரண்டு’ ஆகும்?

2024 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்துல பி குழுவில் நாலு போட்டி விளையாடி நாலையும் வென்றது அவுஸ்திரேலியா. இங்கிலாந்தையும் தோற்கடிச்சது. இங்கிலாந்து ஸ்கொட்லாந்தோட 5 புள்ளிகளில் சமமாகி, நிகர ஓட்ட வீதத்தால தப்பிப் பிழைச்சு இரண்டாமிடம் வந்தது. ஆனா சுப்பர் 8 அட்டவணையில இங்கிலாந்து ‘பி1’, அவுஸ்திரேலியா ‘பி2’!

எழுத்துப் பிழை இல்ல. போட்டி தொடங்க முன்னமே ஐசிசி எட்டு அணிகளுக்கு இடம் குறிச்சு வெச்சிருந்தது. இதைத்தான் சீடிங்னு சொல்றாங்க. அந்த அணி தகுதி பெற்றால் போதும், குழுவுல முதலாவதா வந்தாலும் இரண்டாவதா வந்தாலும் இடம் மாறாது. தகுதி பெறாட்டி, அதுக்குப் பதிலா வர்ற அணி அந்த நாற்காலியில உட்காரும். நியூசிலாந்து வெளியேறினதால சி குழுவில் இரண்டாவதா வந்த ஆப்கானிஸ்தான் ‘சி1’ ஆச்சு. நாலு போட்டியையும் வென்ற மேற்கிந்தியத் தீவுகள் ‘சி2’.

அவுஸ்திரேலியா இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் இருந்த குழுவுக்குப் போய், ரெண்டு பேர்கிட்டயும் தோத்து வீட்டுக்குப் போனது. இங்கிலாந்து மற்றக் குழுவில் இருந்து அரையிறுதிக்குப் போனது. அவுஸ்திரேலியா தோத்ததுக்கு சீடிங்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆப்கானிஸ்தான் நல்லா விளையாடித்தான் 21 ஓட்டங்களால வென்றது. என் கேள்வி வேற: முதலிடத்துக்கு ஒரு பலனும் இல்லைன்னா அதுக்காக ஏன் விளையாடணும்? ஸ்கொட்லாந்தோட கடைசிப் போட்டிக்கு முன்ன, இங்கிலாந்து வெளியேறினா தங்களுக்கு நல்லதுதான்னு ஹேசல்வூட் வெளிப்படையாவே பேசினார். அவுஸ்திரேலியா நேர்மையா விளையாடி வென்றது. ஆனா அப்படி ஒரு பேச்சுக்கே இடம் குடுத்தது விதிதான்.

1996ஐ நினைச்சுப் பாருங்க. அப்ப ஒரு குழுவில் முதலாவதா வர்ற அணி, மற்றக் குழுவில் நாலாவதா வந்த அணியோட காலிறுதி விளையாடும். இலங்கை முதலிடம் பிடிச்சு, பைசலாபாத்தில் இங்கிலாந்தைச் சந்திச்சது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்ததால கிடைச்ச புள்ளிகளும் அதுல உண்டு, மறுக்கல. ஆனா இந்தியாவை டெல்லியிலேயே வென்றோமே! இன்றைய முறையில முன்கூட்டியே இடம் குறிச்சிருந்தா, அந்தக் குழுவில் இலங்கையை யார் ‘ஏ1’ன்னு எழுதியிருப்பாங்க?

அமெரிக்காவின் என்எஃப்எல் கால்பந்திலும் இந்தச் சண்டை இருக்கு. அங்க 32 அணிகள், நாலு நாலா எட்டுப் பிரிவுகள். பிரிவில் முதலாவதா வந்தா பிளேஓஃபில் முதல் போட்டி சொந்த மைதானத்தில். 2010 பருவத்தில் 7 வெற்றி, 9 தோல்வியோட வந்த சியாட்டில், 11 போட்டிகளில் வென்ற நியூ ஓர்லியன்சைத் தன் ஊருக்கு வரவழைச்சு 41-36ன்னு வென்றது. 2024 பருவத்தில் 14 போட்டிகளில் வென்ற மினசோட்டாவுக்கு ஐந்தாவது இடம். காரணம், அதே பிரிவில் டெட்ரோயிட் 15 வென்றிருந்தது. வெற்றி எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துவோம்னு 2025இல் முன்மொழிஞ்சதும், பிறகு அதை வாபஸ் வாங்கினதும் அதே டெட்ரோயிட்தான். அந்த முறையிலும் குறை இருக்கு. ஆனாலும் அங்க இடத்தை மைதானத்தில்தான் சம்பாதிக்கணும்.

‘முன்கூட்டியே ஏற்பாடு செய்றதே அநியாயமா? அப்ப பல்கலைக்கழக மாவட்டக் கோட்டா?’ன்னு ஒருத்தர் கேட்கலாம். நல்ல கேள்வி. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கு. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்து ஓடத் தொடங்கலங்கிறதுக்காக வந்தது கோட்டா. அது பின்னால நிற்கிறவரைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வருது. ஐசிசி சீடிங் ஏற்கனவே முன்னால நிற்கிறவருக்கு நாற்காலி போட்டு வைக்குது. ரெண்டையும் ஒரே தராசில வைக்க முடியாது.

ரசிகர்கள் டிக்கெட், விமானம், ஹோட்டல் எல்லாம் முன்னமே பதியணும், தங்கள் அணி எங்க விளையாடும்னு தெரியணும்ங்கிறது இதை ஆதரிக்கிறவங்களோட வாதம். நியாயமான தேவைதான். ஆனா அந்தத் தேவை எல்லாருக்கும் சமமாவா பார்க்கப்பட்டது? அதே தொடரில் இந்தியா தகுதி பெற்றால் கயானா அரையிறுதியில்தான் விளையாடும்னு முன்னமே முடிவு. அங்க காலை 10.30, நமக்கு இரவு 8 மணி, டிவிக்கு வசதி. இலங்கைக்கோ முதல் சுற்றின் நாலு போட்டியும் நாலு ஊரில்: நியூயோர்க், டலஸ், லோடர்ஹில், சென் லூசியா. தீக்ஷன பகிரங்கமாவே குறை சொன்னார்.

பீஃபா உலகக் கிண்ணத்தில் இடங்களும் திகதிகளும் முன்னமே முடிவாகும், அணிகளின் இடம் முடிவாகாது. 2022இல் ஜப்பான் ஜேர்மனியையும் ஸ்பெயினையும் வென்று முதலாவதா வந்தது, முதலாவதாவே அடுத்த சுற்றுக்குப் போனது. அப்பவும் டிக்கெட் வித்துச்சு, மைதானமும் நிரம்புச்சு. ஐசிசியும் மைதானத்தையும் திகதியையும் முன்னமே அறிவிக்கட்டும். ‘பி1’ யாருங்கிறதை மட்டும் பி குழுவோட கடைசிப் போட்டி முடிஞ்ச பிறகு எழுதட்டும்.